பிறர் வில்லை இழுத்தவன்

மா பில்க்யூ ஹதோங் என்கிற ஆற்றங்கரை ஊரில் பாய்லர் ரிப்பேர் பார்ப்பவன். வயது ஐம்பத்து மூன்று. குளிருக்காகத் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் ஓடாத வீடு அந்த ஊரில் கிடையாது. ஆகவே பில்க்யூ முழங்கால் போட்டுத் தவழாத வீடும் கிடையாது. படிப்பை ஏழாம் வகுப்போடு மூட்டை கட்டியவன். ஆனால் சூடு என்றால் அவனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். குழாயில் உள்ளங்கையை வைத்தே இத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவான். சொன்னால் ஒரு டிகிரி தப்பாது.

அதனால்தான் ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிற வில் மன்றத்தில், வெப்பப் பெட்டியை அவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். கொம்பு வில் ஒரு சீக்காளிப் பிள்ளை மாதிரி. உள்ளே மூங்கில், ஒரு பக்கம் எருமைக் கொம்பு, மறுபக்கம் மாட்டு நரம்பு, அதன்மேல் மரப்பட்டை. அத்தனையையும் பிடித்து வைத்திருப்பது மீன் பசை. மழைக்காலத்தில் ஆற்று ஈரம் ஏறினால் பசை இளகும், வில் துவண்டுவிடும். ஆகவே ஜூன் கடைசியிலேயே எல்லா வில்லும் பீரோ போன்ற அந்தப் பெட்டிக்குள் போய்விடும். முப்பத்திரண்டு டிகிரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பில்க்யூ தினமும் வந்து ஒவ்வொன்றாக எடுப்பான். காய்ந்த பருத்தித் துணியால் துடைப்பான். கொம்புப் பக்கத்தில் தேன்மெழுகை லேசாகத் தொட்டுப் பளபளக்கத் தேய்த்து, எடுத்த இடத்திலேயே வைப்பான். ஈரத்துணி ஆகாது. வியர்த்த கையும் ஆகாது.

மொத்தம் பதினோரு வில். அதில் ஒன்றுகூட அவனுடையது இல்லை.

அவன் எய்வது ஃபைபர் வில்லில். அதற்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். வில் தேர்வில் இரண்டாம் படியிலேயே ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தான். மன்றத்தில் கூட எய்யும் டாக்சிக்காரன் தாக் கிசொக் இதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கொல்வான்.

"என்னடா பாய்லர், கல்யாண வீட்டுச் சமையக்காரன் கதையா இருக்கு உன் கதை. எல்லாருக்கும் ஆக்கிப் போடுற, உன் எலையில ஒண்ணும் இல்ல."

"நீ உன் வண்டியப் பாத்து ஓட்டு. போன வாரம்கூட ஆத்துலதான விட்டிருப்ப."

வாய் இப்படிப் பேசும். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

துடைக்கலாம், மெழுகு போடலாம், நாண் ஏற்றி இழுக்கக் கூடாது. மன்றத்துச் சுவரில் மரப்பலகையில் ஒன்பது விதிகள் செதுக்கியிருக்கும். ஒன்பதாவது, பிறர் வில்லை இழுக்காதே. வில்காரன் இன்னொருவன் பொண்டாட்டியைப் பார்த்தாலும் பார்ப்பான், இன்னொருவன் வில்லை இழுக்க மாட்டான் என்று கிசொக் சொல்வதுண்டு.

அந்தப் பதினொன்றில் ஒன்று குக் சொன்ஜாவுடையது. பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றுச் சிப்பி சூப்புக் கடை வைத்திருக்கும் அக்கா. அறுபத்தொரு வயது. எதையும் அவசரமாகச் செய்வாள். கிண்ணம் மேசையைத் தொடும் முன்பே அதில் சூப்பு விழும். ஐந்தாம் படித் தேர்வில் மூன்று முறை தோற்றவள். நான்காம் படிவரை எந்த வில்லாலும் எய்யலாம், ஐந்துக்குக் கொம்பு வில்தான். நான்காவது முயற்சி அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஜின்ஜு நகரத்தில்.

புதன்கிழமை மத்தியானம், கொட்டும் மழையில், அவள் ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பூண்டுத்தாள் அடை. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு தம்பி."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"என் வில்லு ரெண்டு மாசமா என் கையில இருந்ததைவிட உன் கையிலதான் சுகமா இருக்கு. பெத்த பிள்ளைய நான்கூட இப்படித் துடைச்சதில்ல. ஞாயித்துக்கிழமை பாஸாயிட்டேன்னு வச்சுக்க, பாதி உன் பேருதான்."

"அடப் போக்கா. போய் அஞ்சு அம்பையும் பலகையில ஏத்துற வழியப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே குடையை விரித்துப் போனாள். அவன் அடையைத் தின்றான். ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பிறகு துடைக்க உட்கார்ந்தான். மழையில் வேறு யாரும் மேட்டுக்கு வரவில்லை. குக் அக்காவின் வில்லைக் கையில் எடுத்தான். நாண் இல்லாத கொம்பு வில் இறால் மாதிரி பின்பக்கமாகச் சுருண்டிருக்கும். நாண் ஏற்ற வேண்டுமானால் வில்லின் மேல்கை, கீழ்கை இரண்டையும் அடுப்பில் காட்டிச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் வளைத்து, மரக்கட்டை கொடுத்துப் பிடித்து, பிறகு ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். எல்லாம் நூறு தடவை பார்த்தவன்தான்.

நாண் ஏற்றித்தான் பார்ப்போமே, இழுக்கவா போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஏற்றினான். வில் அழகாக உட்கார்ந்தது. கால் மணி நேரம் பொறுத்தான். உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இருந்தது. ஊருக்கெல்லாம் சூடு சொல்லுகிறவனுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எழுந்து நின்று, நாணைக் காதுவரை இழுத்தான்.

'டிக்' என்றது.

சின்னச் சத்தம். பட்டைக்கு அடியில், வில்லின் மேல்கையில் எங்கோ. மெதுவாகத் தளர்த்தினான். நாணைக் கழற்றினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான், வெளியே ஒன்றும் தெரியவில்லை. கொம்பில் மெழுகைப் போட்டு, என்றும் இல்லாத அளவுக்குத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பெட்டியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. குக் அக்கா வில்லை எடுத்ததும், "முகம் பாக்கலாம் போல தேச்சிருக்கான்யா!" என்றாள். சூடு காட்டி, நாண் ஏற்றி, அன்றைக்கு மட்டும் அவசரப்படாமல் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆறவிட்டாள். எய்யும் கோட்டில் நின்றாள். முதல் அம்புக்கு முன் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்: "வில் கத்துக்கிறேன்."

"நெறைய அடிங்க," என்றார்கள் மற்றவர்கள்.

பாதி இழுப்பதற்குள் வில் முறுக்கிக்கொண்டு புரண்டது. மேல்கை மடேரென்று பிளந்தது. அம்பு காலடியில் விழுந்தது.

மன்றத் தலைவர் யோ இக்தோ, ரிடையரான போஸ்ட் மாஸ்டர், ஓடி வந்து அவள் முகத்தில் அடிபடவில்லையே என்று பார்த்தார். பிறகு வில்லைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஆறவிடலையாம்மா?"

"விட்டேன் தலைவரே. விட்டேன்னுதான் நெனச்சேன்."

"அக்காவுக்கு ஒரு மணி நேரம்னா பத்து நிமிஷம்," என்றான் கிசொக். யாரும் சிரிக்கவில்லை.

"என் வில்லு உன் பலத்துக்குச் சரியா இருக்கும். நானே தர்றேன், எடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமை எய்யி," என்றார் தலைவர்.

அவள் தலையை ஆட்டினாள். "சொந்த வில்லையே காப்பாத்தத் தெரியாதவ, இன்னொருத்தர் வில்லைத் தொட என்ன யோக்கியதை இருக்கு? வேணாம் தலைவரே."

பிறகு பில்க்யூவின் பக்கம் திரும்பினாள். இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள், தன்னைவிட எட்டு வயது சின்னவனை.

"ரெண்டு மாசம் நீ பாடுபட்டுக் காப்பாத்துன. ஒரே நாள்ல நான் நாசம் பண்ணிட்டேன். உன் மூஞ்சியில முழிக்கவே கூசுது தம்பி."

பில்க்யூவின் கையில் துடைக்கிற துணி இருந்தது. அதைச் சுருட்டினான். விரித்தான். "பரவால்லக்கா," என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவன் மூன்று நாள் வெந்தான். வெள்ளிக்கிழமை ஒரு பள்ளி ஆசிரியை வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்து தரையை நனைத்தான். கடைப்பக்கம் போகக் கூசி, ஒரு மைல் சுற்றி மற்றொரு பாலம் வழியாகப் போனான். சனிக்கிழமை வரை சமயம் இருந்தது. போய், "உன் தப்பு இல்லக்கா" என்று சொன்னால் போதும், அவள் தலைவரின் வில்லை வாங்கிக்கொண்டு ஜின்ஜுவுக்குப் போவாள். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசல்வரை போனான். கண்ணாடி வழியாக அவள் யாருக்கோ சூப்பு ஊற்றுவது தெரிந்தது. மெதுவாக, கிண்ணம் நின்ற பிறகு ஊற்றினாள். அதைப் பார்த்ததும் கால் திரும்பிவிட்டது.

ஞாயிறு மத்தியானம், ஜின்ஜுவில் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம், அவள் மன்றத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பில்க்யூ ஃபைபர் வில்லோடு கோட்டில் நின்றான். "வில் கத்துக்கிறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை.

"நான் குக் அக்கா வில்லை இழுத்தேன்," என்றான். "புதன்கிழமை. ஆறுறதுக்கு முன்னால. உள்ள பசை விட்டுப்போச்சு. மெழுகு போட்டு மறைச்சு வச்சேன்."

கோட்டில் நிற்கும்போது பேசக் கூடாது என்பது ஆறாவது விதி. "இறங்கி வந்து பேசு," என்றார் தலைவர். குரல் கறாராக இருந்தது.

இறங்கி வந்தான். அவள் அவனையே பார்த்தாள்.

"வியாழக்கிழமை நான் உன்னைக் கும்பிட்டேன்."

"ஆமாக்கா."

"நேத்து சொல்லியிருந்தாக்கூட நான் போயிருப்பேன்."

"தெரியும்க்கா. புது வில்லு நான்..."

"பனிக்காலத்துலதான் பசை ஒட்டுவாங்க. உனக்காக மழையில செய்வாங்களா?" பிறகு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்னக்கா?"

"என் வில்லுதான். கடைசியா முழுசா இழுத்தவன் நீதான? எப்படி இருந்துச்சு?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "மெத்துனு வந்துச்சுக்கா. காதுவரைக்கும் தானா வந்த மாதிரி."

அவள் தலையாட்டினாள். எழுந்து, குடையைக்கூட மறந்து, படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்று மாதம் கோட்டில் நிற்கக் கூடாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பெட்டிச் சாவியைப் பில்க்யூ மேசைமேல் வைத்தான். அதை அவர் திருப்பித் தள்ளினார். "வேற எவனுக்குச் சூடு தெரியும்?"

அடுத்த வருட மழைக்காலத்தில், பனிக்காலத்தில் செய்த குக் அக்காவின் புது வில்லோடு, பெட்டிக்குள் மறுபடி பதினோரு வில். பத்தை பில்க்யூ துடைப்பான். பதினோராவதை, கடைக் கூட்டத்துக்கு நடுவிலும், குக் அக்காவே தினமும் மேடேறி வந்து துடைப்பாள். அவள் வந்தால் அவன் எழுந்து ஓரமாக நின்றுகொள்வான். அவள் திட்டியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வில்லை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும்போது ஒன்றே ஒன்று கேட்பாள்.

"சூடு எவ்வளவு?"

"முப்பத்திரண்டுக்கா," என்பான் அவன், உள்ளங்கையை வைக்காமல், பெட்டியின் வெப்பமானி முள்ளைப் பார்த்தபடியே.