ஏரி கோடி போகும் நாள்

எங்கள் ஏரியைச் சீரமைக்கப் போகிறார்கள், பொதுமக்களும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கோவில்பதாகையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஏரி மறுபடியும் கோடி போக வேண்டும்.

கோடி போவதென்றால், நிரம்பிய ஏரி கலங்கல் சுவரைத் தாண்டி வழிவது. சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடமாவது ஒன்றாவது என்று அக்காவும் நானும் ஓடுவோம். சுவருக்குக் கீழே அக்கா தாவணியை விரித்துப் பிடிப்பாள். துள்ளி விழும் கெண்டைகளை நான் பொறுக்குவேன். வீட்டில் அடியும் விழும், மீன் குழம்பும் கொதிக்கும். அந்த நாளுக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன். ஐம்பதைத் தாண்டியும் புத்தி வரவில்லை என்று என் மனைவி சொல்வது சரிதான்.

மண்டபத்தில் ஏரியின் பெரிய வரைபடத்தை மேசைமேல் விரித்திருந்தார்கள். ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கர். "உங்களுக்கு முக்கியமான இடத்துல ஒட்டுங்க" என்றார் பொறியாளர். நம் ஜனம் சும்மா இருக்குமா? அவரவர் வீட்டைத் தேடிப் பிடித்து அதன் மேலேயே ஒட்டிவிட்டார்கள். சுற்றுத் தெருவெல்லாம் பச்சை. ஏரி மட்டும் மொட்டையாகக் கிடந்தது. பொறியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான் ஒருவன்தான் பெருமையாகக் கலங்கல்மேல் ஒட்டினேன்.

அக்காவும் வந்திருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்ட வீடு கலங்கலுக்குக் கீழே இருக்கிறது. உபரிநீர் போன கால்வாயில் இப்போது பாதி வீடுகள். ஏரி வழிந்தால் முதலில் அவள் அடுப்படிக்குள்தான் தண்ணீர் நுழையும். மைக்கை வாங்கிக்கொண்டு அவள் பேசினாள்.

"மழ வந்தா கட்டில் மேல அடுப்ப வச்சிகினு குந்திகினு கீறோம் சார். கலங்கலாண்ட ஷட்டர் போட்டு, முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய உட்ருங்க. ஏரி வழியவே கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. யார் சொன்னாலும் சண்டைக்குப் போயிருப்பேன், இவளா சொல்வது? அடுத்து மைக் என் கைக்கு வந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "அக்கா சொல்றதுதான் சார்" என்று உட்கார்ந்தேன்.

ஷட்டர் வந்தது. அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் ஊற்றியது. காலையில் போன் போட்டு, "எப்டிக்கா கீற?" என்றேன்.

"ஊட்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல நைனா. நிம்மதியா கீறேன்."

எனக்கும் நிம்மதிதான். ஆனாலும் கால் சும்மா இருக்கவில்லை. மாலையில் மழை விட்டதும் கலங்கலுக்குப் போனேன். சுவருக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் அமைதியாக நின்றது. எனக்கு முன்பே அக்கா அங்கே வந்து நின்றிருந்தாள்.

"நீ இன்னாக்கா இங்க?"

"ஊட்ல வேல ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்" என்றாள். சுவரோரம் குனிந்து தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னும் ஒரு முழம் ஏறுனா போதும், இல்ல நைனா?"