பவுணுக்கு ஒரு பென்னி: டூட்டிங்கிலிருந்து லூயிஷாம் போன வெள்ளிக்கிழமை வான்

முழங்கால் நோகிற பெரியவர்களை டூட்டிங்கிலிருந்து லூயிஷாம் கோயிலுக்கு எப்படிக் கூட்டிப் போவது என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு எழுதவும் வாசிக்கவும் வராது. நான் சொல்ல, மருமகள் தட்டச்சில் ஏற்றுகிறார். நான் சொல்லப்போகும் பயணம் தொண்ணூற்று நான்காம் ஆண்டு, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்தது. வழி இன்றைக்கும் அதேதான்.

என் மனைவி பரமேஸ்வரிக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். அதற்கு முந்திய ஐப்பசியில் ரயிலில் கூட்டிப் போனேன். லண்டன் பிரிட்ஜில் மறுபடியும் நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். "இஞ்சாருங்கோ, இனி என்னைக் கூப்பிடாதேங்கோ" என்றார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் மாடி வீட்டை விட்டு இறங்கவேயில்லை. அவர் நாலு பேரோடு பேசிச் சிரிக்கிற இடம் அந்தக் கோயில் ஒன்றுதான். இப்படி வீட்டோடு இருந்தவர்கள் எங்கள் பகுதியில் பதினொரு பேர்.

ராசன் என்பவரிடம் பதினைந்து பேர் இருக்கக்கூடிய வான் வண்டி இருந்தது. பகலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார். போய்வர முப்பத்தைந்து பவுண் கேட்டார். "ஆனா அண்ணை, ஏறுற ஆக்களிட்டைக் காசு வாங்கேலாது. அதுக்கு வேறை லைசென்ஸ் வேணும்" என்றார். அப்படியானால் யாரிடம் வாங்குவது? அப்பர் டூட்டிங் ரோட்டில் ஏழு தமிழ்க் கடைகள் இருந்தன. சாமான் வாங்கும் ஒவ்வொரு பவுணுக்கும் ஒரு பென்னி கூட எடுத்து, வானுக்கென்று சேர்த்துத் தரும்படி கேட்டோம்.

நான் முதலில் அதை "வான் வரி" என்றேன். கடை வைத்திருந்த குகன் உடனே கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணை, அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ. வரி எண்டால் சனம் கடைப் பக்கமே வராது. கோயில் காரியந்தானே, உண்டியல் எண்டு போடுவம்." நல்ல சொல்லாகத்தான் எனக்கும் பட்டது. ஏழு பால்மாத் தகரங்களில் வாய் வெட்டி, அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி ஒட்டினார்கள்.

முதல் கிழமை முடிந்த வெள்ளி, பின்னேரம் மூன்று மணிக்குத் தகரங்களை எடுக்கப் புறப்பட்டேன். குகனின் கடை கடைசி. தகரத்தைக் கவிழ்த்ததும் சில்லறையோடு ஒரு கடித உறையும் விழுந்தது. உள்ளே இருபது பவுண் தாள். மேலே ஏதோ எழுதியிருந்தது. குகன் வாசித்தார். ஊரில், கோப்பாயில் இருக்கும் ஒரு அம்மாவின் பெயரும் விலாசமும்.

அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த செல்வி என்ற பெண் திரும்பிப் பார்த்தார். நாலு பிள்ளைகளின் தாய், அரசாங்கம் தருகிற பெனிபிட் காசில் குடும்பம் நடத்துபவர். "ஐயா, அது இன்னும் போகேல்லையோ? அம்மா பாத்துக்கொண்டெல்லோ இருப்பா."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஊருக்குக் கைமாறிக் காசு அனுப்புவதற்கும் இங்கே உண்டியல் என்றுதானே பெயர். தகரத்தில் உண்டியல் என்று இருக்கிறது, கடையில் பவுணுக்கு ஒரு பென்னி எடுக்கிறார்கள். அதுதான் கமிஷன் என்று செல்வி நினைத்துவிட்டார்.

"எல்லா இடமும் கூடக் கேக்கிறாங்கள், இஞ்சை ஒரு பென்னிதானே எண்டு சந்தோசப்பட்டன்" என்றார்.

குகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன்ரை காசிலை அம்மா லூயிஷாம் மட்டும்தான் போயிருப்பா" என்றார். செல்வி சிரிக்கவில்லை. உறையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார், "அப்ப நான் குடுத்த பென்னியெல்லாம் ஆருக்கு?"

சொன்னேன்.

"ஐயா, நான் கோவிக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. எனக்குக் கோயிலுக்குப் போக நேரமில்லை. நாலு பிள்ளையளுக்கு அரிசி வாங்கிற நான்தான் இதிலை கூடக் குடுக்கிறன். கார் வைச்சிருக்கிறவர் ஒரு தேங்காயோடை போறார். அவருக்கு என்ன போகுது?"

நான் சில்லறையை எண்ணத் தொடங்கினேன். அந்தக் கிழமை முப்பத்தாறு பவுண் நாற்பது பென்ஸ் சேர்ந்திருந்தது. வானுக்குப் போதும். "அரிசியையும் மாவையும் விட்டால் பாதிதான் வரும் அண்ணை. பாத்துச் செய்யுங்கோ" என்று குகன் காதோடு சொன்னார்.

நாலு பத்துக்கு வான் புறப்பட்டது. ஸ்ட்ரெத்தமில் இருவர் ஏறினார்கள், அப்போது நாலரை. அங்கிருந்து டல்ஸ் ஹில், டல்விச் வழியாக சவுத் சர்க்குலர் சாலை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: டல்விச்சில் செங்கல்லால் கட்டிய பெரிய பள்ளிக்கூடம் வரும். அதைத் தாண்டினால் பாதி வழிக்கு மேல் போய்விட்டது. ஐந்து ஐந்துக்கு ஃபாரஸ்ட் ஹில், பிறகு கட்ஃபர்ட், ஐந்து இருபத்தைந்துக்கு லூயிஷாம். ஒன்பது மைல் இருக்கும்.

பரமேஸ்வரி யன்னலோரம் இருந்தார். ஐந்து மாதத்தில் மாறிய கடைப்பெயர்களை எனக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வேளையில் செல்வி கதையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபாரஸ்ட் ஹில் இறக்கத்தில்தான் மெல்லச் சொன்னேன்.

யன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றார்.

"ஒண்டும் சொல்லேல்லை. உம்மைத்தான் கேக்கிறன்."

"பிள்ளையளின்ரை சோத்திலை எடுத்து நான் கும்பிடப் போகேலுமோ? அரிசியை விடுங்கோ. மாவையும் விடுங்கோ."

"அப்ப ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் வான்."

"எனக்குக் கணக்குத் தெரியாதெண்டோ நினைச்சியள்?" என்றார். வானில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த வான் இரண்டு வருடம் ஓடியது. அரிசிக்கும் மாவுக்கும் ஒரு பென்னியும் எடுக்கவில்லை. கார் வைத்திருக்கிறவர்களில் சிலர் கேட்காமலே ஒரு பவுண் போட்டார்கள், பலர் போடவில்லை. கோயில் வான் எல்லாருக்கும் பொது என்பது உண்மைதான். ஆனால் அதற்கான காசை எந்தச் சாமானில் எடுக்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நீங்கள் யாராவது இப்படி ஒரு வான் ஓட்ட நினைத்தால், தகரத்தில் "கோயில் வான் காசு" என்று முழுதாக எழுதுங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு: டூட்டிங் பிராட்வேயில் கறுப்பு நிறப் பாதை, பாங்க் என்ற தரிப்பு வழியாகப் போகும் ரயிலா என்று கேட்டு ஏறுங்கள். பதினோராவது தரிப்பு லண்டன் பிரிட்ஜ். அங்கே மேலே வந்து பெரிய ரயில் எடுத்தால் பத்து நிமிடத்தில் லூயிஷாம். மாறும் நேரத்தோடு ஒரு மணித்தியாலம் வையுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் எங்கே லிப்ட் இருக்கிறது என்று புறப்படும் முன்பே கேட்டு அறியுங்கள்.

அந்தப் பயணத்துக்கு அடுத்த வெள்ளி வான் இல்லை. நாலு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது பரமேஸ்வரி கோயில் சேலை உடுத்தி, திருநீறு பூசி, கதிரையில் இருந்தார்.

"இண்டைக்கு இல்லையெல்லோ" என்றேன்.

"தெரியும்" என்றார். "உடுத்துப் பாக்கிறன்."