ஸ்டூரே யாரையும் கேட்க மாட்டான்

லோங்மிரா கால்பந்து சங்கத்துக்குத் தொண்ணூறு வயதாகிறதாம், சிறப்பு மலர் அச்சிடுகிறார்களாம். என் அண்ணன் ஸ்டூரேவைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் எரிச்சலைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேனா நகராது.

சங்கத்தின் வரலாறு ரொம்பச் சின்னது. மர அறுவை ஆலைக்காரர்கள் ஒரு சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடித்து மைதானம் ஆக்கினார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காடு இருக்கும்போது சதுப்பில்தான் ஆடுவோம் என்று நின்றவர்களை என்ன சொல்ல? இன்றைக்கும் பனி உருகினால் வடக்குப் பக்கக் கோல் கம்பம் சாயும், ஸ்டூரே போய் நிமிர்த்துவான். எழுபதுகளில் ஒரே ஒரு வருஷம் மேல் பிரிவில் ஆடினோம். அடுத்த வருஷமே இறங்கிவிட்டோம். பிறகு ஆலை மூடியது, பள்ளிக்கூடம் மூடியது, கடை மூடியது. சங்கம் மட்டும் மூடவில்லை.

ஸ்டூரே தலைவரானது காய்ச்சலால். எங்கள் ஊரில் ஆண்டுக் கூட்டத்துக்கு வராதவன் தலையில்தான் பதவி விழும். அந்த வருஷம் அவன் போர்த்திப் படுத்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல அவன் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து புல் வெட்டுவது, கோடு போடுவது, மஞ்சள் பச்சைச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுவது எல்லாம் அவன்தான். மைதானத்து ஓரக் கடையில் காபியும் சாசேஜும் விற்பது அவன் தங்கை நான்.

என் அண்ணன் யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டான். யாரிடமும் எதையும் கேட்கவும் மாட்டான். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அடுத்தவரைத் தொந்தரவு செய்வதற்குப் பதில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றை ஆளாய்ப் பியானோ தூக்குவார்கள். ஆனால் ஸ்டூரே அதில் எல்லோருக்கும் ஒரு படி மேல். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருஷம் ஆள் சேராமல் இரண்டு ஆட்டங்கள் கைவிட்டுப் போயின. மூன்றாவதும் போனால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அத்தோடு சங்கத்தின் கதை முடிந்தது. ஆகஸ்டு கடைசியில் செல்ஃபோர்ஷ் ஊர்க்காரர்களோடு ஆட வேண்டிய ஆட்டம் மழையில் நின்றது. மைதானத்தில் வாத்து நீந்தியது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து வேறு நாள் குறித்தாள். ஸ்டூரே சரி என்றுவிட்டு வந்து என்னிடம் சொன்னான்.

"செப்டம்பர் முதல் திங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு."

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "முதல் திங்களா? கடமான் வேட்டை தொடங்கற நாளா?"

"ஆமா."

"ஊர்ல ஒரு ஆம்பள இருக்க மாட்டானே! பாதிப் பொம்பளைங்களும் காட்டுலதான் இருப்பாங்க! தெரிஞ்சேதான் சரின்னியா?"

"அந்தப் பொண்ணு பாவம், ரொம்பக் களைச்சுப் போய்ப் பேசினா, யெர்டிஸ். அவளை மறுபடியும் தேதி தேட வைக்கணுமா?"

முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன்.

திங்கட்கிழமை நாலரை மணிக்குக் கடைக்கு வந்தால், ஸ்டூரே கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். வந்திருந்த ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். பெட்ரோல் பங்கு சகோதரர்கள் இருவர், வாத்தியார் ஒருவர், பால்காரர் மகன், பிறகு எரித்ரியாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்கள் கோல்கீப்பர் தெஸ்ஃபாய். ஏழு பேர் இல்லாமல் நடுவர் விசில் ஊதமாட்டார்.

"காட்டுல இருக்கறவங்களை ஸ்டூரே கூப்பிட்டுப் பாத்தாரா?" என்று தெஸ்ஃபாய் என்னிடம் கேட்டான்.

"இவனா? கேட்டுட்டாலும்!"

வேட்டைக்காரர்களுக்குச் சூப் கொடுப்பது நான் என்பதால் அவர்களுடைய வாக்கி டாக்கி ஒன்று என் கடையில் இருக்கும். காட்டில் போன் எடுக்காது. அதை எடுத்துக்கொண்டு போய் ஸ்டூரேவின் கையில் திணித்தேன்.

"கேளு."

"வேட்டை நேரம். பேசினா மான் ஓடிரும். தொந்தரவு."

"ஸ்டூரே, இன்னிக்கு நீ கேக்கலன்னா நாளைக்கு இந்தக் கம்பத்தைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் எதை நிமிர்த்துவ?"

அவன் கம்பத்தைப் பார்த்தான். பிறகு பொத்தானை அமுக்கினான். "ஹலோ, நான் ஸ்டூரே. ஒண்ணும் அவசரமில்ல..." நான் அவன் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன். "ஆட்டத்துக்கு ஆள் வேணும். யாராவது வர முடியுமா? முடியலன்னாலும்..." பொத்தானை விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரம் கரகரப்புச் சத்தம். பிறகு வேட்டைக் குழுத் தலைவன் ஹில்டிங்கின் குரல் வந்தது. ஒரு காலத்தில் எங்கள் அணிக்குக் கோல் மழை பொழிந்தவன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

"ஸ்டூரே, நீ என்னையும் சேத்தா கேக்கற?"

"ஆமா."

"அடப்பாவி! அப்பலேருந்து என் ஷூ கார் டிக்கிலயேதான் கிடக்கு. நீ கேக்கவே இல்ல. கிழவன், இவன் வேணாம்னு நீ விட்டுட்டன்னு நினைச்சேன்."

"உனக்கு இஷ்டமில்லையோன்னு நான் நினைச்சேன்."

இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அறையலாம் போலிருந்தது.

ஹில்டிங் ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஆரஞ்சுத் தொப்பியோடு வந்து இறங்கினான். மற்றவர்கள் சுட்ட மானை இழுத்துக்கொண்டிருந்தார்கள், வரமுடியாது. ஆறு பேர் ஆயிற்று. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். செல்ஃபோர்ஷ்காரர்கள் இளித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூரே பந்துப் பையைக் கட்ட ஆரம்பித்தான்.

தெஸ்ஃபாய் அவனிடம் போனான். "நீங்க ஆடுவீங்களா?"

ஸ்டூரேவின் கை பையிலேயே நின்றது. அறுபத்தொரு வயது. இந்த மைதானத்தில் அவன் போடாத கோடு இல்லை, ஆனால் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பிடிக்காததால்தான் ஆடவில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

"ஆடுவேன்," என்றான்.

"உனக்கு ஆட ஆசையாடா?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுலேருந்து. யாரும் கூப்பிடலையே."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? அதே வேகத்தில் அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு சாசேஜைக் கருகவிட்டேன்.

பதினாலு கோல் வாங்கினோம். ஒன்றும் போடவில்லை. ஸ்டூரே பந்தை மூன்று தடவை தொட்டிருப்பான், அதில் ஒன்று முகத்தால். ஆனால் ஆட்டம் கடைசி வரை நடந்தது, கணக்கில் ஏறியது, சங்கம் பிழைத்தது.

எல்லோரும் போன பிறகு சேறு அப்பிய சட்டைகளை வழக்கம்போல அவனே பொறுக்கிக் கூடையில் போட்டான். தான் போட்டிருந்ததை மட்டும் கழற்றவில்லை. கடை வாசலில் வந்து நின்று, காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"யெர்டிஸ், கையே தூக்க முடியல. இதையெல்லாம் நீ துவைச்சுத் தர்றியா?"

"கேட்டுத் தொலைச்சியே ஒருவழியா," என்று கூடையைப் பிடுங்கிக்கொண்டேன்.