தீயில்லாத சூடு

மரச்சில்லுகளிலிருந்து வண்டிகளுக்கான எரிபொருள் எடுக்கப்போவதாகச் சொல்லி, திற்பரப்புப் பக்கம் ஒரு சிறு நிறுவனம் ஆள் அனுப்பியது. எங்கள் தோட்டத்து எல்லை வேலி முழுக்கச் சீமைக்கொன்றை நட்டோம். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். இரண்டாம் வருடம் ஆனி மழையில் முதல் வெட்டு. பக்கத்துவீட்டுக்காரியும் நானும் கிளைகளை இயந்திரத்தில் கொடுத்துச் சில்லுகளாக்கினோம். லாரி வருவது தள்ளிப்போனதால் எல்லாவற்றையும் ஈரத்தோடு பழைய புகைப்புரையில் கொட்டினோம். ரப்பர் ஷீட் உலர்த்தக் கட்டிய அறை. ரப்பரைப் பாலாகவே விற்கத் தொடங்கியபின் அங்கே தீ மூட்டுவதில்லை. சாரல் அடிக்காமலிருக்கப் புகைத்துளைகளை நானே சாக்கால் அடைத்தேன்.

நாலாம் நாள் காலை, அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்த என் மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, ஆரும் தீ போடல்ல. ஆனா அந்தக் கும்பாரம் காய்ச்சக்காரன் மாதிரி சுடுது."

சில்லுக் குவியலில் கைவைத்துப் பார்த்தேன். சுட்டது. உச்சியிலிருந்து மெல்லிய ஆவி, மூச்சு போல, விட்டுவிட்டு எழுந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் துணி காய்வது புகைப்புரையில்தான். அந்தப் பழக்கத்தில் எனக்குச் சந்தோஷமே வந்தது. யூனிபார்மை அங்கே விரித்துப் போடச் சொன்னேன். சூடு போகாமல் கதவைச் சாத்தவும் சொன்னேன்.

தோசை ஆறியது. கூப்பிட்டும் மகள் வரவில்லை. போய்க் கதவைத் திறந்தால், சில்லுகளின் மேல் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளி வேன் கொஞ்சம் பிந்தினாலே தெருமுனைக்கு ஓடுகிறவள் நான். அங்கே பயமே வரவில்லை. புகையில்லை, நாற்றமில்லை, பச்சைத் தழை வாசம் மட்டும். மழைச்சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. பிள்ளை தூங்கட்டும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, பிள்ளையத் தூக்குட்டி!"

என்னை அக்கா என்றல்லாமல் அழைத்தறியாத பக்கத்துவீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேனாம். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கியவர்கள் மயங்கி விழுவதைக் கண்டிருந்தவள் அவள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே வந்து முதலில் மகளையும், பிறகு முடியைப் பிடித்து என்னையும் முற்றத்து மழையில் இழுத்துப் போட்டாள்.

மகள் வாந்தியெடுத்தாள். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தாள். அடைத்த அறையில் ஈரச்சில்லு அழுகத் தொடங்கித் தானே வெந்து, நல்ல காற்றைத் தின்று நச்சுக்காற்றை விட்டிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அம்மாதான் உள்ளே ஓடிவந்து காப்பாற்றினாள் என்று தோழிகளிடம் சொல்கிறாள். நான் திருத்துவதில்லை. என் பிள்ளையின் மூச்சு குறைந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த எனக்குச் சுகமாக இருந்தது.