ஆளில்லாத கோபுரம்

சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும் அவளுக்குத்தான் முதல் போன் வரும். "ஆறாவது மாடி. பூமி ஆடினா தாங்குமா, பாத்துச் சொல்லு." தனக்கு வீடுகளைப் பற்றித் தெரியாது என்றால் நாத்தனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கடல்ல நிக்கறதுக்குச் சொல்லுவ, தெருவுல நிக்கறதுக்குச் சொல்ல மாட்டியா?"

கடலுக்குள் நிற்கும் காற்றாலைகள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கணக்குப் போடுவது அவள் பிழைப்பு. குலுங்கினால் கடலடி மணல் கூழாகுமா, அதில் அறைந்த இரும்புக் குழாய் சாயுமா, உச்சியிலுள்ள எந்திரத்தின் கனம் கோபுரத்தை எவ்வளவு ஆட்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்வாள்.

இந்த முறை கோபுரங்கள் எல்லாம் பாஸ். உள்ளே நிற்கும், மின்கருவிகள் அடைத்த இரும்பு அலமாரிகள்தான் ஃபெயில். ஆளைவிட உயரம், அடியில் பேருக்கு நாலு போல்ட். கோபுரம் ஆடினால் பிடுங்கிக்கொண்டு விழும், பக்கத்தில் நிற்பவன் சட்னிதான். சுவரோடு சேர்த்து இரும்புத் தாங்கி போடச் சொல்லி மாதக்கணக்கில் கரடியாய்க் கத்திவிட்டாள்.

"மேடம், விதிப்படி அது ஆளில்லாத கட்டமைப்பு," என்றார் மேலாளர், நூறாவது தடவையாக. "இல்லாத ஆள் மேல அலமாரி எப்படி விழும்?"

"என் வீட்டுக்காரர் அங்கதான் சார் பழுது பாக்கறார். மத்தியானம் சாப்பிடறதே அந்த அலமாரி பக்கத்துல உக்காந்துதான்."

"அவர் வந்துட்டுப் போறவர். குடியிருக்கறவர் இல்லையே."

இந்த மனுஷனிடம் பேசுவதற்குப் பதில் அலமாரியிடமே பேசலாம்.

ஒருநாள் அவரே கூப்பிட்டனுப்பினார். "புது சேர்மன் பார்வையிட வர்றார். ஏழாம் நம்பர் கோபுரத்துக்குள்ள போய் போட்டோ எடுத்துக்குவார். தாங்கி போட்டுடலாம்."

"எல்லாத்துக்குமா சார்?"

"ஏழுக்கு மட்டும்."

கால் மணி நேரம் நிற்கப்போகிறவர் ஆள். வருடக்கணக்காக உள்ளே கிடப்பவர்கள் ஆளே இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஏழாம் நம்பர்தான் அவள் கணவன் பழுது பார்க்கும் கோபுரம். மற்ற கோபுரங்களைப் பற்றி வாயே திறக்காமல், அவசர அவசரமாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஏழா?" என்று அவன் சிரித்தான். "அதுக்குள்ள நாங்க யாரும் கால் வைக்கக்கூடாதாம். பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, அழுக்காயிடுமாம். சேர்மன் வந்துட்டுப் போனப்புறமும் பூட்டியே வெக்கப்போறாங்க, வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. நாளையிலேர்ந்து எனக்குப் பன்னெண்டாம் நம்பர்."

பன்னிரண்டிலும் அதே அலமாரி, அதே நாலு போல்ட். அவளுக்கு எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாளைக்கு லீவு போடுங்க."

"போட்டுட்டாப் போச்சு. எத்தனை நாளைக்கு?"

விளையாட்டாகத்தான் கேட்டான். "வேலையை விடற வரைக்கும்" என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே நேர்மையான பதில்.