அறுகம்பேயில் ஒரு சஹன்

கல்முனை அரிசி வியாபாரி மக்கீன் வாயைத் திறந்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு கிழமையாக வாயடைத்துத் திரிந்தார். மகள் ஸுஹைறாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை அஸ்ஹர் நல்ல பொடியன்தானாம். ஆனால் அறுகம்பேயில், குடிக்கிற பாரும் பாட்டுமாக இருக்கிற வெள்ளைக்காரர் கடையொன்றில் சமைக்கிறானாம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். சுனாமியில் மனைவி சுபைறா போனபிறகு அந்த வீட்டில் வாப்பாவும் மகளும் மட்டும்தான். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பித்தளைச் சஹன், தண்ணீர் வடிந்ததும் வேலியில் செருகிக் கிடந்தது. அதை எடுத்துப் பரணில் போட்டவர் பிறகு இறக்கவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் யாரை விடுவது என்ற கவலை மனிதரை அரித்தது.

"போட்டோவப் பாத்து ஒண்டும் விளங்காது மச்சான். போய் அவன்ட கையால திண்டு பாப்பம்" என்று மைத்துனர் றஸாக்கை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. வழியில் யாரும் இறக்கிச் சோதிக்காததால் பகல் சாப்பாட்டு நேரத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

கடை திருவிழாவாக இருந்தது. மெக்சிக்கோ, பெரு என்று எங்கெங்கோ உள்ள சமையலோடு நம்மூர்த் தேங்காய்ப்பாலையும் கொச்சிக்காய் உறைப்பையும் கலந்து அடிக்கிறார்கள். மேளம் காதைக் கிழித்தது. மக்கீன் பாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இறைச்சி வேண்டாம், மீன்வகையில் எதுவானாலும் சரி என்றார். அகன்ற இரும்புச் சட்டியில் இறாலும் கணவாயும் புதைந்த மஞ்சள் சோறு வந்தது. கூடவே ஆளுக்கொரு சின்னப் பீங்கான் தட்டும் முள்ளுக்கரண்டியும்.

"இது சஹன்தானே" என்றார் மக்கீன். பீங்கான்களை ஓரம் தள்ளினார். சட்டி நிறையச் சோறிருக்க இரண்டு பேர் மட்டும் தின்பது அவருக்கு மானக்கேடு. பக்கத்து மேசையில் காத்திருந்த வெள்ளைக்காரச் சோடியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர்களும் சிரித்துக்கொண்டே வந்து சட்டிக்குள் கையை விட்டார்கள். மக்கீன் பெரிய இறாலாகப் பார்த்து அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. றஸாக்குக்குத் தலை குனிந்துவிட்டது.

பரிமாறியவன் ஓடிப்போய்ச் சொல்ல, குசினியிலிருந்து அஸ்ஹர் வந்தான். படத்தில் பார்த்த முகம். அவனுக்கோ இவரை யாரென்று தெரியாது. ஊர்க்காரன் இப்படித் தின்பதைக் கண்டு இவன் வெட்கப்படப் போகிறான் என்று மக்கீன் நினைத்தார்.

அஸ்ஹர் சட்டியைப் பார்த்தான். உடனே உள்ளே திரும்பினான். ஒரு கூஜாத் தண்ணீரும், பாரில் ஐஸ் போடுகிற வெள்ளி வாளியுமாக வந்து மக்கீன் அருகே குனிந்தான். அண்ணன் முறை வைத்தே கூப்பிட்டான்.

"கையக் கழுவுங்க காக்கா. வாளி புதுசு, இன்னும் ஒண்டுக்கும் எடுக்கல்ல."

ஊரில் சஹனைச் சுற்றியிருப்பவர்களுக்குச் செய்கிற மாதிரியே, வெள்ளைக்காரர் கைக்கும் அவனே தண்ணீர் வார்த்தான்.

"சோறு கொஞ்சம் அரைவேக்காடு" என்றார் மக்கீன்.

"ஓம் காக்கா, இவங்களுக்கு அப்பிடித்தான் வேணும். எனக்கும் பிடிக்கிறல்ல."

"நான் ஸுஹைறாட வாப்பா."

கூஜா சரிந்து மக்கீன் கட்டியிருந்த சாரன் நனைந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. "உம்மாவையும் வாப்பாவையும் கூட்டிட்டு வெள்ளிக்கிழம வீட்ட வாங்க மகன்" என்றார்.

மஃரிப் தொழுகைக்கு முன் வீடு வந்தவர், அந்தச் சாரனை மாற்றாமலே பரணிலிருந்து சஹனை இறக்கினார். கிணற்றடியில் குந்தி, புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். ஸுஹைறா வந்து பார்த்தாள். பிறகு மறுபக்கம் குந்தி அவளும் தேய்த்தாள்.