காத்தாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

மேசைக்கு நேர் மேலே இருக்கும் இடம் யாருக்குச் சொந்தம் — மின்சாரக் காத்தாடிக்கா, புரஜெக்டருக்கா?

வாழ்க்கையில் இப்படியொரு கேள்விக்கு விடை தேட நேரும் என்று நான் நினைத்ததில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பகாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில், கழுத்து வழியே வியர்வை ஓட நின்றபோது தேட நேர்ந்தது.

வீடு சேகருடையது. அதாவது, தோட்டத்துடையது, அங்கே கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்ப்பதால் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சேகர், கோலா கிளாவாங்கில் அரசாங்க மருத்துவமனைத் தாதியாக இருக்கும் ஸ்டெல்லா, சிரம்பான் பக்கம் ராசாவிலிருந்து காரோட்டிப் போகும் நான் — மூவரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். சனிக்கிழமைகளில் அந்த வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்து நடத்துவோம். ஸ்டெல்லா வில்லாளி. நான் மந்திரவாதி. கதையை நகர்த்துபவனும் எங்களைக் கொல்லப் பார்ப்பவனும் சேகர். கதையின் கடைசியில், ஒரு மலைக்குகையில், ஒரு டிராகன் காத்திருந்தது.

சேகரின் அம்மா பாக்கியம் அத்தை அதை ‘பல்லி’ என்பார்.

“ஒரு பல்லிய அடிக்க ரெண்டு வருசமாடா சேகரு? எங்கிட்ட விட்டா வெளக்கமாத்துல முடிச்சிருப்பேன்.”

இந்த நிலையில்தான் ஸ்டெல்லாவுக்குக் கிழக்கே கடலுக்கு அப்பாலுள்ள சபாவுக்கு மாற்றல் வந்தது. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கடிதம் என்றாவது ஒருநாள் வரும். எங்களுக்கு அது பல்லியை அடிப்பதற்கு முன்னால் வந்துவிட்டது. அவள் விமானம் ஏறுவதற்குள் கதையை முடித்தாக வேண்டும். முடிப்பதையும் விமரிசையாக முடிக்க வேண்டும் — குகையின் படத்தை மேலிருந்து மேசை முழுக்க விழச் செய்து, அதன்மேல் எங்கள் பொம்மைகளை நகர்த்தி. அதற்கு மூவரும் சேர்ந்து, கையைக் கடிக்காத விலையில், ஒரு புரஜெக்டர் வாங்குவது என்று முடிவாயிற்று.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அங்குதான் தவறு தொடங்கியது.

நான் எழுதிவரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு வாளி வாங்குவதென்றால்கூட, அது உடைந்த பிறகு எங்கே போய்ச் சேரும் என்று யோசிப்பவள் நான். புரஜெக்டரை விடுவேனா? விளம்பரத்தில் போட்டிருக்கும் வெளிச்ச அளவுக்கும் உண்மையில் சுவரில் விழும் வெளிச்சத்துக்கும் உள்ள தூரத்தை ஆராய்ந்தேன். ‘4K ஏற்கும்’ என்பது வேறு, ‘4K காட்டும்’ என்பது வேறு என்று கண்டுகொண்டேன். விளக்கு எத்தனை காலம் உழைக்கும், பழுதானால் சிரம்பானில் யாராவது பார்ப்பார்களா, குப்பைக்குப் போனால் மண்ணுக்கு என்ன கேடு... இதற்கிடையில் இரண்டு சனிக்கிழமைகள் விளையாட்டில்லாமல் போயின.

“வாணி, நீ புரஜெக்டர் பாக்குறியா, மாப்பிள்ள பாக்குறியா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டான் சேகர். “ஜாதகம் ஏதும் வேணும்னா சொல்லு லா, கடக்காரன்கிட்ட வாங்கித் தரேன்.”

நான் பொருட்படுத்தவில்லை. மலிவான புரஜெக்டருக்குப் பெரிய படம் காட்டத் தூரம் வேண்டும். ஆகவே கூரைக்குக் கீழே குறுக்கே ஓடும் விட்டத்தில் அதைக் கட்டித் தொங்கவிடத் திட்டமிட்டேன். தோட்டத்து வீடு, துளை போட அனுமதி கேட்க வேண்டியிருக்கும்; எனவே கயிறு. மேசையின் நீளம், அகலம், தரையிலிருந்து விட்டம் இருக்கும் உயரம் என்று எல்லாவற்றையும் சேகரிடம் கேட்டு வாங்கி, அழகான ஒரு படமும் வரைந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பெட்டியைப் பிரித்து, சேகர் ஏணியில் ஏறிக் கட்டினான். வெளியே சுடுவெயில், மேலே தகரக் கூரை. வெளிச்சம் உள்ளே வராதிருக்கச் சன்னல்களை மூடித் திரைச்சீலையை இழுத்துவிட்டோம். புரஜெக்டரைப் போட்டதும் மேசைமேல் குகை விரிந்தது. பாறை, நெருப்பு, நடுவில் பல்லி... அதாவது, டிராகன். மூவரும் கைதட்டினோம்.

“புழுங்குது” என்று சொல்லிப் பாக்கியம் அத்தை காத்தாடியைப் போட்டார்.

குகை துண்டு துண்டாயிற்று. விட்டத்துக்கும் மேசைக்கும் நடுவே, கம்பியில் தொங்கிக்கொண்டு, இத்தனை ஆண்டுகளாக எங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த காத்தாடி, வெளிச்சத்தை வெட்டி வெட்டிப் போட்டது. வேகமாக ஓடினால் படம் கண்ணைக் கூசவைத்து நடுங்கியது. வேகத்தைக் குறைத்தால், கரிய இறக்கைகள் ஒவ்வொன்றாகக் குகைக்குள் நடைபயின்றன.

“இப்பதான் பல்லிக்கு உசிரே வந்திருக்கு” என்றார் அத்தை.

நான் சேகரைப் பார்த்தேன். “காத்தாடி இருக்குன்னு சொல்லவே இல்லையே?”

“நீ விட்டம் எவ்ளோ ஒசரம்னு கேட்ட, சொன்னேன். காத்தாடியப் பத்தி நீ கேக்கலயே லா!”

இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. என் வேலையே, வீடு வீடாகப் போய் மக்களின் தேவைகளைக் கேட்டறிவதற்கான கேள்வித்தாள் தயாரிப்பது. ஸ்டெல்லாவுக்கு இது நினைவிருந்தது. “படிச்சவங்க கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும் சேகரு. வீடுதான் தப்பா கட்டியிருக்கு” என்றாள்.

காத்தாடியை நிறுத்தி விளையாடிப் பார்த்தோம். சற்று நேரத்தில் பகடை கையில் வழுக்கியது. புரஜெக்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஸ்டெல்லா விசிறிக்கொண்டாள். காத்தாடியைக் கழற்றிவிடலாமா என்று சேகர் ஏணியைப் பார்த்தான்.

“அதுல கைய வச்ச, ராத்திரிக்குச் சோறு கெடையாது” என்றார் அத்தை.

அதோடு அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இடம் காத்தாடிக்கே சொந்தம்.

கயிற்றை அவிழ்த்து, புரஜெக்டரை டிவி வைக்கும் அலமாரிமேல் கிடத்தி, எதிர்ச்சுவரில் குகையைக் காட்டினோம். காத்தாடி முழு வேகத்தில் ஓடியது. பொம்மைகள் வெறும் மேசையில் நிற்க, யார் எங்கே நகர்கிறோம் என்று ஒட்டடைக் குச்சியால் சுவரில் தொட்டுக் காட்டினோம். விமரிசை எல்லாம் போயிற்று. ஆனால், அன்று சிரித்ததைப்போல் அந்த வீட்டில் நாங்கள் சிரித்ததே இல்லை.

டிராகன் சாகும் தறுவாய்க்கு வந்தது. ஸ்டெல்லாவின் முறை. ஓர் அம்பு பாய்ந்தால் போதும்.

அவள் பகடையைக் கையில் எடுத்தாள். உருட்டவில்லை.

“அடி லா” என்றான் சேகர். “இதுக்குத்தான இவ்ளோ பாடு.”

“அடிச்சா முடிஞ்சிரும்.”

“முடியணும்னுதான...”

“முடிஞ்சிட்டா அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவீங்க?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பகடையை வைத்திருந்த கை மூடியே இருந்தது. சேகர் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அத்தனை விளைவுகளை எடைபோட்ட எனக்கு, ஸ்டெல்லா போன பிறகு வரும் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் யோசிக்கத் தோன்றவில்லையே!

அத்தைதான் பேசினார். “விடுடா சேகரு. ரெண்டு வருசம் இருந்த பல்லி, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவுது. ஸ்டெல்லா, நீ டீ குடிம்மா.”

ஸ்டெல்லா பகடையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதுவும் அவளோடு சபாவுக்குப் போயிற்று.

இப்போதும் சனிக்கிழமைகளில் நான் பகாவ் பக்கம் போகிறேன். புரஜெக்டர் அதே அலமாரிமேல் இருக்கிறது. குகைக்குப் பதில், வீடியோ அழைப்பில் வரும் ஸ்டெல்லாவைச் சுவரில் காட்டுகிறது — நேரில் இருப்பதைவிடப் பெரியவளாக, விலைக்கேற்ற மங்கலோடு. எங்களுக்கு இன்னும் வெயில் அடிக்கும்போதே அவள் பின்னால் இருட்டிவிடுகிறது. பழையபடி காகிதத்தில் வரைந்த காடுகளிலும் ஊர்களிலும் விளையாடுகிறோம். குகைப் பக்கம் மட்டும் யாரும் போவதில்லை.

நான் தயாரிக்கும் கேள்வித்தாள்களின் முடிவில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது: ‘நாங்கள் கேட்க மறந்தது ஏதேனும் உண்டா?’

பல்லி நலமாக இருக்கிறது.